விளக்கு எனக்கு, கார் அத்தானுக்கு

அடுத்தவன் வாழ்ந்தால் ஐந்து நாள் பட்டினி கிடக்கிறவர்கள் உண்டு என்பார்கள். அத்தான் வாழ்ந்ததற்காக நான் ஐந்து வருடமாவது கிடந்திருப்பேன். அம்மா விடவில்லை, அடித்துச் சோறு போட்டாள்.

அத்தான் என்றால் அப்பாவின் தங்கை மகன். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். சுசீந்திரத்தில் அத்தையோடு இருந்த நாளைவிட, பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அவர் இருந்த நாள்தான் அதிகம். அன்றைக்கு நாஞ்சில் நாட்டில் எங்களைப் போன்ற குடும்பங்களில் மருமக்கள் வழி. தாய்மாமன் ஆண்ட சொத்து தங்கை மகனுக்கு. பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் மனமிரங்கி எதையாவது கொடுத்தால் உண்டு. அப்பா குடும்பத்துக் காரணவர், சொத்தை ஆள்கிற மூத்தவர். வயல், தோப்பு, வீடு எல்லாம் அவர் சொல்லுக்கு நடந்தன, ஆனால் அவருக்குப் பிறகு அத்தனையும் அத்தானுக்கு. இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. பந்தியில் அப்பாவுக்கு அடுத்த இலை அத்தானுக்கும் அதற்கு அடுத்தது எனக்கும் விழுவதைப் பார்த்து நானாகவே தெரிந்துகொண்டேன்.

அந்தச் சொத்தில் ஒரு காரும் இருந்தது. மலை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அப்பா வாங்கியது. வாங்கும்போதே கிழடு. முன்னால் இரண்டு பித்தளை விளக்குகள், அவை கார்பைடு கேஸில் எரிபவை. படிப்பலகை மேலிருந்த டப்பாவில் கார்பைடு கட்டியைப் போட்டு, மேல் அறையில் தண்ணீர் ஊற்றித் திருகைத் திறந்தால், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக் கேஸ் கிளம்பும். அழுகிய பூண்டு மாதிரி ஒரு நாற்றம் வரும். அப்போது தீக்குச்சி கிழித்துக் காட்டவேண்டும். காட்டுவது அத்தான். தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். விளக்கு 'டப்' என்று பற்றும்போது அவர் புருவம் கொஞ்சம் பொசுங்கினால் நன்றாயிருக்கும் என்று வேண்டிக்கொள்வேன். சுவாமி அதற்கெல்லாம் செவிசாய்க்கவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் சாயங்காலம் ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து அடித்த காற்றில் இரண்டு விளக்கும் அணைந்து, கார் வாய்க்காலில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. அப்பாவின் மேல்வேட்டி மட்டும் தண்ணீரோடு போயிற்று. இனி எலெக்ட்ரிக் விளக்குதான் என்று அவர் தீர்மானித்தார். அதற்குக் குடும்பப் பணத்தை எடுக்கக்கூடாது என்று அத்தை சொல்லியனுப்பினாள். பகலில் போய்ப் பகலில் திரும்பினால் விளக்கே வேண்டாமே என்பது அவள் கட்சி. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தாமாகச் சம்பாதித்துத் தேடிய சிறிய தோப்பு ஒன்று அவருக்கு உண்டு. அந்தத் தேங்காய்ப் பணத்தில் விளக்கு வாங்கினார்.

நாகர்கோவில் பஸ் ஷெட்டிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். பித்தளை விளக்குகளைக் கழற்றித் தம் கூலிக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார். என்ஜின் பக்கத்தில் டைனமோ, படிப்பலகையில் பாட்டரிப் பெட்டி, மட்கார்டுகளில் துளைபோட்டு இரண்டு பெரிய விளக்குகள், ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச்சு. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே ஒரு கம்பிதான் இழுத்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டேன்.

"கரண்டு போறதுக்குத்தான் கம்பி வேணும் மக்கா. திரும்பி வாறதுக்கு வண்டிக்க இரும்பே போரும்" என்றார்.

எனக்குள் ஒரு நம்பிக்கை முளைத்திருந்தது. தீக்குச்சி கிழிக்கத்தான் பெரிய ஆள் வேண்டும். ஸ்விட்ச்சை அமுக்க நான் போதாதா? வேலை முடிந்த சாயங்காலம் முன்வரிசையில் போய் நின்றேன். அப்பா என் தலைக்கு மேலாகப் பார்த்து, "மருமகனே, நீ வந்து அமுக்கு" என்றார்.

அத்தான் அமுக்கினார். எதிரே வைக்கோல்போர் பொன்னாகிவிட்டது. தொழுவத்து மாடுகள் எழுந்து நின்றன. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கோ வயிறு எரிந்தது. கண் கூசுகிறது என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கு வழியாக முழுவதையும் பார்த்தேன்.

திருவிதாங்கூர் சர்க்கார் எங்கள் சொத்து முறைக்குச் சட்டம் கொண்டுவந்து, குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பாகம் பிரிந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் முறையும் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். நல்ல வயல்களோடு காரும் அத்தை பங்கில் விழுந்தது. அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த அப்பா அப்போது வாய்திறந்தார்.

"காரு குடும்பத்துக்குள்ளது. வெளக்கு நான் தேடினது. அது எனக்க மகனுக்கு."

எனக்க மகன். நாலு பேர் கூடிய இடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

பெரியவர்களுக்கு இது புதிய வழக்கு. மட்கார்டில் போட்ட துளைகள் யாருக்கு என்று ஒருவர் கேட்டார். துளையைக் கழற்ற முடியாது, அது காரோடு போகட்டும் என்று முடிவாயிற்று. இன்னொருவர் அதைவிட நுட்பமானவர். கார் ஓடினால்தானே டைனமோ சுற்றும், ஓடியது குடும்பப் பெட்ரோலில், அப்படியானால் பாட்டரிக்குள் தேங்கியிருக்கும் கரண்டு குடும்பச் சொத்தல்லவா என்றார். வெற்றிலை ஒரு சுற்று வந்தது. கரண்டை மரக்காலில் அளந்து பங்குவைக்க வழியில்லாததால் அதுவும் எனக்கே விடப்பட்டது.

மேஸ்திரி மறுபடி வந்து எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தார். விளக்குகளைப் பழைய வேட்டியில் சுற்றி நெல் போடும் பத்தாயத்தில் வைத்தேன். தினமும் எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பேன். பாட்டரி கொஞ்ச நாளில் செத்துப்போனது. விளக்குகள் எனக்காக ஒருநாளும் எரியவில்லை. அதனால் என்ன, அத்தானுக்கும் எரியவில்லையே. கண்ணிழந்த காரை அவர் பகலில் மட்டும் ஓட்டிக்கொண்டு, விளக்குவைக்கும் நேரத்துக்குள் வீடுசேர அரக்கப்பரக்க ஓடுவார். அதைப் பார்க்கையில் எனக்கு இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

எனக்கு ஒரு அக்கா உண்டு. பிறகு அவளை அத்தானுக்கே நிச்சயம் செய்தார்கள். முறைதான்; ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. வயல் போயிற்று, கார் போயிற்று, இப்போது அக்காவுமா? அக்கா முகத்தில் தெரிந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. விளக்கும் அவளோடு போய்ப் பழைய இடத்தில் ஏறிவிடும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பில்தான் அத்தான் புது விளக்கு வாங்காமலே இருந்தாராம். கல்யாணத்தன்று மத்தியானம் மேஸ்திரி புதுப் பாட்டரியும் ஸ்பானர்ப் பையுமாக வந்து, பாயசமும் குடித்துவிட்டு, காருக்குப் பக்கத்தில் காத்திருந்தார். நான் போய்ப் பத்தாயத்தின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா வந்து மிரட்டினாள். அக்கா மாலையும் கழுத்துமாக வந்து, "ஏலே, எனக்காவத் தரமாட்டியா?" என்றாள். நான் அசையவில்லை. கடைசியில் அப்பா வந்தார். அடிதான் என்று முதுகை வளைத்து வைத்துக்கொண்டேன். அவர் எனக்கெதிரே குந்தி உட்கார்ந்தார்.

"மக்கா, அந்த வெளக்க அத்தானுக்குக் குடுக்கட்டா?"

"மாட்டேன்."

"செரி" என்று சொல்லி எழுந்து போனார்.

முற்றத்தில் அவர் சொன்னது உள்ளேவரை கேட்டது. "வெளக்கு எனக்க மகனுக்குள்ளது. அவன் தரல்ல. வண்டி இப்படியே போட்டும்."

ஒரு பொடியன் பேச்சைக் கேட்டுக் கல்யாண நாளில் மானத்தை வாங்குகிறாயா அண்ணா என்று அத்தை இரைந்தாள்.

"அவனுக்குள்ளதுன்னா அவன்ட்டல்லா கேக்கணும்?" என்றார் அப்பா.

அத்தைக்குச் சமாதானம் சொல்லி, பாத்திரபண்டம் ஏற்றிப் புறப்படுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் வீட்டு வில்வண்டியின் பின்னால் ஒரு அரிக்கன் விளக்கைக் கட்டி முன்னே விட்டார்கள். அதன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கார் பின்னால் போகவேண்டும். சுசீந்திரம் வரைக்கும் மாட்டு நடைதான். ஊரே கூடி நின்று சிரித்தது. நாஞ்சில் நாட்டில் காளைக்குப் பின்னால் ஊர்ந்த முதல் கார் அத்தானுடையதாகத்தான் இருக்கும். இதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. அடுத்த வாரமே அவர் திருவனந்தபுரத்திலிருந்து என்னுடையதைவிடப் பெரிய விளக்குகளாக வாங்கி மாட்டிக்கொண்டார். அதற்காக நான் எரிந்தது தனிக் கதை.

ஆனால் அந்தச் சாயங்காலம் நான்தான் ராஜா. ஒரு விளக்கை வேட்டியிலிருந்து பிரித்து எடுத்துவந்து, அத்தான் கண்ணில் படுகிற மாதிரி வாசற்படியில் மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா வந்து என் பக்கத்தில் நின்றார். என் தலைமேல் கையை வைத்தார். கை அங்கேயே இருந்தது.

கார் நகர்ந்தது. அத்தானுக்குப் பக்கத்தில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தான் அவளையும் பார்க்கவில்லை, முன்னால் போகும் அரிக்கன் விளக்கையும் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வாய்க்கால் ஓரம் திரும்பும்வரை அந்தப் பார்வை விலகவில்லை. பொறாமை எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. விளக்கைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, அப்பாவின் கையைத் தலையிலிருந்து உதறிவிட்டு, இரண்டு கையாலும் அதை இறுகக் கட்டிக்கொண்டேன்.