வாவிக்குள் விழாத விமானம்

பத்திரமாகத் தரையிறங்கிய ஒரு விமானத்தை மட்டக்களப்பு வாவிக்குள் விழுத்தினார்கள். விழுத்தியவர்கள் வேறு யாருமல்லர், என்னைப் போன்ற விமானப் பைத்தியங்கள்தான். நான் பல வருடமாக அங்கத்தவனாக இருக்கும் முகநூல் ஆர்வலர் குழுவில் சென்ற மாதம் ஒரு பிற்பகல், "மட்டக்களப்பை நெருங்கிய பயணிகள் விமானத்தின் தொடர்பு அறுந்தது" என்று ஒரு பதிவு வந்தது. கீழே வாவியின் படம். அதன் பக்கத்தில் அழுகிற முகங்கள். அந்த விமானத்தில் என் தங்கையின் மகள் ஜெயந்தி இருந்தாள்.

ஜெயந்தி முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்தவள். பஸ்ஸிலோ ரயிலிலோ நெடுநேரம் குலுங்கக் கூடாது என்று கொழும்பு வைத்தியர் சொன்னதால்தான், கடன்பட்டாவது அந்தச் சிறிய விமானத்தில் போய் வருகிறாள். கதிரவெளியில் இருக்கும் அவளுடைய தாய் செல்வராணிக்கு அந்தப் பதிவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்து முடித்து ஜெயந்தி தொலைபேசி எடுக்கும்வரை, செல்வராணி கடற்கரை மணலில் கிடந்து கத்தினாளாம். அதன்பிறகு மகளை விமானத்தில் ஏற விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கொழும்பில் அடுத்த பரிசோதனை வருகிற வியாழக்கிழமை. இந்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்று வைத்தியர் முன்பே சொல்லிவிட்டார்.

அதனால்தான் சென்ற செவ்வாய்க்கிழமை இந்தப் பயணம் போனேன். விமானம் பார்க்க மட்டக்களப்புக்கு வர நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் வழி விபரத்தையும் எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு வாழைச்சேனையில் பஸ் ஏறினேன். வந்தாறுமூலைக்குச் சுமார் பதினாறு கிலோமீற்றர், தொண்ணூறு ரூபாய், அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. பல்கலைக்கழக வளாகத்துக்கு எதிர்ப்பக்கம் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் சுதர்சன்தான் குழுவின் நிர்வாகி. பதிவைப் போட்டவனும் அவனே. முப்பது வயதுக்காரன், மரியாதை தெரிந்தவன். உட்காரக் கதிரை போட்டான். நான் இருக்கவில்லை.

"ஐயா, விழுந்திட்டு எண்டு நான் எழுதல்லயே. தொடர்பு அறுந்த எண்டுதானே எழுதின?"

"வாவிப் படத்த ஆர் போட்ட? அழுகிற மொகத்த ஆர் போட்ட? உன்ட வீட்டுக் கோழியா?"

"அது... ஆக்கள் பாக்கட்டும் எண்டு போட்ட. மறுகா பிழை எண்டு தெரிஞ்சதும் அழிச்சிட்டன்தானே."

"அதுதான் தம்பி பெரிய பிழை. நீ சொல்லாமக் கொள்ளாம அழிச்ச. என்ட தங்கச்சி என்ன சொல்றா தெரியுமா? உண்மை எண்டபடியாத்தான் மறைக்கிறாங்களாம்."



விபரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், வாசித்து அறிந்ததுதான். விமானம் தான் எங்கே நிற்கிறது என்பதை வானொலி அலையில் சொல்லிக்கொண்டே பறக்கும். அங்கங்கே ஆர்வலர்கள் வீட்டுக் கூரையில் வைத்திருக்கும் அன்ரெனாக்கள் அதைக் கேட்டு, விமானங்களை வரைபடத்தில் காட்டும் தொலைபேசிச் செயலிக்கு அனுப்பும். அந்த அலை நேர்கோட்டில் போவது. விமானம் தாழப் பதிந்து வரும்போது பக்கத்தில் அன்ரெனா இல்லாவிட்டால் யாருக்கும் கேட்காது. செயலியில் இருந்த விமானப்படம் மறைந்துவிடும். மறைந்தது என்றால் கேட்க ஆளில்லை என்று பொருள். விழுந்துவிட்டது என்று பொருளல்ல. எங்கள் பகுதியில் இது புதினமே இல்லை. இதை அறிந்த கூட்டம்தான் அப்படி எழுதியது. எனக்குக் கோபம் அடங்காததற்கு அதுதான் காரணம்.

"கடையப் பூட்டு. வா, காட்டுறன்" என்றேன். பூட்டினான்.

பஸ்ஸில் மட்டக்களப்பு நகரம். அன்று பிற்பகல் விமானம் வரும் என்பதைப் பயண முகவரிடம் முதலே கேட்டு வைத்திருந்தேன். நகரில் சாப்பிட்டுவிட்டு, வலையிறவுப் பாலத்துக்குப் போய்க் காத்திருந்து வர ஓட்டோ பிடித்தோம். எண்ணூறு ரூபாய். சாரதி ரபீக் ஏறாவூர்க்காரர்.

"பிளேன் பாக்கவா போறீங்க?" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "நான் கட்டாருக்கு அஞ்சு தரம் போய் வந்த ஆள். ஒருநாளும் பிளேன வெளியால நிண்டு பாத்தல்ல. ஏறின உடன நித்திர."

"இந்தத் தம்பிக்கு நித்திர இல்ல. ராவு பகலா பிளேனப் பாத்துப் பாத்து ஒண்ட விழுத்தியே போட்டான்" என்றேன்.

"அல்லாஹ்வே, அந்த நியூஸ் உங்கட வேலையா? எங்கட உம்மாவும் அழுதவ!"

சுதர்சன் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பாலத்தடியில் நல்ல காற்று. தோணியில் நின்று ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குச் சற்றுப் பின்னர் மேற்கே விமானம் இறங்க ஆரம்பித்ததைச் செயலி காட்டியது. சுதர்சனின் தொலைபேசியை நானே பிடித்துக்கொண்டேன். உயரம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு எண்கள் அசையாமல் நின்றன. கொஞ்ச நேரத்தில் விமானப்படமே இல்லை. வெறும் வரைபடம்.

"இந்தா, உங்கட போனுக்கு விழுந்திட்டு!" என்றார் ரபீக். "தம்பி, கிறுகிப் பாருங்க. மேலால வருகுது!"

சுதர்சன் திரும்பினான். வெள்ளை விமானம் வெயிலில் மின்னி, சக்கரம் தெரிய, எங்கள் தலைக்கு மேலால் போய் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. வலைக்காரர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வெறுமையாகிப்போன செயலியையும் மேலே போன விமானத்தையும் ஒன்றாக என் தொலைபேசியில் படம்பிடித்து வைத்திருக்கிறேன்.

"ஐயா, திருத்தத்த இண்டைக்கே போடுறன்" என்றான் சுதர்சன்.

போட்டான். "வாவிக்கு மேலால் ஓர் அழகிய தரையிறக்கம்" என்று தலைப்பு. ஒரு சிவப்பு இதயம். பிழை எழுதினோம் என்று ஒரு சொல் இல்லை. கேட்டால், குழுவுக்கு மரியாதை போய்விடுமாம்.

மறுநாள் என் படத்தோடு கதிரவெளிக்குப் போனேன். செல்வராணி இரண்டு தரம் பார்த்தாள்.

"இது நீங்க எடுத்த படம், அண்ணன். நீங்க பிளேனுக்கு ஒரு குறை சொல்ல விடமாட்டீங்க. எழுதின பொடியன் பிழை எண்டு எழுதட்டும். அப்ப நான் அவள விடுறன்."

ஜெயந்தி சுவரில் முதுகைச் சாத்தி நின்றாள். "மாமா, எனக்கு ஏறப் பயமில்ல. ஆனா அம்மா வாசல்ல குறுக்கால கிடந்தா நான் எப்படித் தாண்டிப் போற?"

இதை எழுதும்போது திங்கட்கிழமை இரவு. இனிச் செய்ய வேண்டியவை இவை.

விமானம் பார்க்க வருகிறவர்கள் பாலத்தடியில் அல்லது பொது வீதியில் நில்லுங்கள். ஓடுபாதை வேலிக்கும் காவலரணுக்கும் கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டாம். விமானம் தினமும் வருவதில்லை, கேட்டுவிட்டு வாருங்கள். குடையும் தண்ணீரும் கொண்டு வாருங்கள். செயலியில் விமானம் மறைந்தால் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள்.

இந்தப் பகுதி ஆர்வலர்கள் வாவிக்கரையில் ஓர் அன்ரெனா வைக்க வேண்டும். தங்கள் கூரையை முதலில் தர வேண்டியவர்கள் குழுவின் நிர்வாகிகள். அவர்கள் தராவிட்டால் என் கூரை இருக்கிறது. வாழைச்சேனை தூரம்தான், ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை.

அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள், பகிர்ந்த அதே இடத்தில் திருத்தத்தையும் பகிர வேண்டும். அழும் முகம் போட்டவர்களும் சேர்த்தித்தான்.

சுதர்சன் புதன்கிழமை இருட்டுவதற்கு முன், தன் பெயரில், குழுவின் முகப்பில் இதை எழுத வேண்டும்: "நான் எழுதியது பிழை. அந்த விமானம் பத்திரமாக இறங்கியது. அதில் வந்த எல்லோரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்." இதயம் வேண்டாம், படம் வேண்டாம். வியாழன் காலை விமானத்தில் ஜெயந்தியின் ஆசனம் இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது.