காடியும் நல்ல தண்ணியும்

தாராவியில் எங்கள் சந்து முடியும் இடத்தில் ஓடுவதைக் காடி என்றுதான் சொல்வோம். மராத்தியில் உப்பங்கழிக்கு அதுதான் பெயர். எனக்கு அது தெரியாது. புளித்துப்போன காடியைத்தான் சொல்கிறார்கள், நாற்றத்துக்கு வைத்த தமிழ்ப் பெயர் என்று நினைத்திருந்தேன். மராத்தி டீச்சரிடமே அதை அடித்துப் பேசினேன். வகுப்பே சிரித்தது.

இப்போது மும்பையிலேயே செம்பூரில் இருக்கிறேன். அந்த நாற்றத்தை நினைத்தால் மனசு இளகுகிறது என்று சொன்னால் மனைவி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். அவள் செம்பூரிலேயே பிறந்தவள், அவளுக்கு எங்கே தெரியப் போகிறது.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அக்கா வருஷா வருஷம் முளைப்பாரி போடுவாள். கொடை முடிந்ததும் அதை ஓடுகிற நல்ல தண்ணீரில் விட வேண்டும். காடியில் எப்படி விடுவது? கோயில் வாசலில் நீல டிரம்மை வைத்துக் குழாய்த் தண்ணீர் நிரப்பி, அதில்தான் கரைப்போம். சின்னப் பிள்ளைகள் நாங்கள் கையை விட்டுச் சுழற்றி, "ஓடுது பாரு, ஓடுது பாரு" என்று கத்துவோம். அக்காவுக்கு மட்டும் மனசு ஆறாது.

"ஒரு தடவையாவது ஓடுத தண்ணில விடணும்" என்பாள்.

போன வருஷம் சந்தில் கூட்டம் போட்டார்கள், நானும் அக்காவோடு போயிருந்தேன். மேலே இருக்கிற ஏரித் தண்ணீரைத் திருப்பி காடிக்கு வந்து சேருகிற ஆற்றில் விடப் போகிறார்களாம். வந்த அதிகாரி, "மீட்டா பானி ஆயேகா" என்றார். மீட்டா பானி என்றால் எங்கள் பேச்சில் நல்ல தண்ணி. முதலில் கை தட்டியது அக்காதான். அப்புறம் அவர், கரையோர வீடுகளை எடுத்த பிறகுதான் தண்ணீர் வரும் என்றார். அக்காவின் வீடு கரையோரம். அவளுக்குத் தூரத்தில் பாண்டுப் என்கிற இடத்தில் மாற்று வீடு கொடுப்பார்களாம்.

"நல்ல தண்ணி வாரப்போ நாம இங்க இருக்க மாட்டோம்லா" என்றாள், திரும்பி வரும்போது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தது நாங்கள், நல்ல தண்ணீரைப் பார்க்கப் போவது வேறு யாரோ. அவள் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இந்த வருஷக் கொடைதான் அவளுக்கு அங்கே கடைசி. டிரம்மில் முளைப்பாரியைக் கரைத்து முடித்ததும், "ஏலே, அந்தப் பக்கம் பிடி. காடிக்குக் கொண்டுபோவோம்" என்றாள்.

"சாமிக்கு விட்டத அந்தச் சாக்கடையிலயாக்கா ஊத்தணும்?"

"அதுக்கும் நல்ல தண்ணி வேணும்லா. அவங்க விடும்போது விடட்டும்."

காலையில் குழாயடியில் நின்று அவளே குடம் குடமாகப் பிடித்த தண்ணீர் அது. சந்துக்காரர்களும் கைகொடுக்க, தூக்கிக்கொண்டு போய்க் கரையில் சாய்த்தோம். கடல் உள்வாங்குகிற நேரம். கறுப்புத் தண்ணீரில் முளைகள் பச்சையாக விழுந்து, மெதுவாக மாகிம் கடல் பக்கம் நகர ஆரம்பித்தன.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடுது பாரு" என்றாள்.