பலவீனமான சூரியனை நம்பி வாங்கிய ரிசீவர்

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நல்ல நிலமாக இருந்த ஒரு காணி, சாப்பாட்டுக்குப் பின் அபாய எல்லைக்குள் போய்விட்டது. முப்பது வருடம் சர்வேயராக இருந்த நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மண்சரிவால் லயத்து வீடுகளை இழந்த குடும்பங்களுக்கு, வீட்டுக்கு ஏழு பேர்ச் வீதம் காணி பிரிக்கும் வேலை. காலையில் முளை அடித்தோம். பிற்பகலில் சரிவை ஒட்டிய ஓரக் காணியை மட்டும் மறுபடி பார்த்தேன். செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டும் எங்கள் ரிசீவர், முளைகளை இரண்டு மீட்டர் சரிவுப் பக்கம் தள்ளிக் காட்டியது. சிவப்புப் பேனாவால் ‘ரத்து’ என்று எழுதி, காணிக்காரி செல்வராணியிடம் சொன்னேன். எட்டு மாதமாகப் பிள்ளைகளோடு பாடசாலை மண்டபத்தில் கிடப்பவள்.

“காலையில நல்ல எடம்னீங்களே சார். நீங்க சோறு தின்னுட்டு வர்றதுக்குள்ள மலை நகந்துருச்சா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவள் வாயை அடைக்கத்தான் தோட்டத்துப் பழைய எல்லைக் கல்லிலிருந்து டேப் பிடித்தேன். காலைக் கணக்குத்தான் சரி.

காரணம் எங்கள் கம்பனியின் பதுளைக் கந்தோரில் இருந்தது. சூரியனில் ஏறக்குறைய பதினோரு வருடத்துக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகும். அப்போது மேல்வானம் குழம்பி, செயற்கைக்கோள் சிக்னல் தாமதமாகும். நம் பக்கத்தில் பிற்பகலில் அதிகம். இரண்டு அலைவரிசை ரிசீவர் அதைத் திருத்திக்கொள்ளும். எங்கள் முதலாளி இணையத்தில் ஒரு கணிப்பைப் படித்துவிட்டு, “இந்தச் சுற்று சூரியனே வீக்காம். நமக்கு ஒரு அலைவரிசை போதும்” என்று மலிவானதை வாங்கினார். கூடக் குறைய ஆகலாம் என்றும் கணித்தவர்கள் எழுதியிருந்தார்கள். முதலாளி அதற்குள் விலைப்பட்டியலுக்குப் போய்விட்டார். சூரியனோ கணித்ததைவிடப் பலமாகவே எழும்பியது.

முதலாளிக்குப் போனில் சொன்னேன். “சூரியன் சொன்ன பேச்சு கேக்கலன்னா நான் என்னப்பா செய்ய?” என்றார்.

‘ரத்து’ என்று எழுதியதை அடித்துவிட்டு, செல்வராணிக்கும் இதையெல்லாம் விளக்கினேன். சூரியப் புள்ளி, மேல்வானம், கணிப்பு, எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

“சரிங்க சார். சூரியன் செஞ்சது இருக்கட்டும். சிவப்புல எழுதினது நீங்கதானே?”

வெட்கமாக இருந்தது. கணிப்பு தப்பலாம், மெஷினும் தப்பலாம். கையெழுத்து என்னுடையது. “ஆமாம்மா, நான்தான்” என்றேன்.