மீன்வண்டி ராகவன்

உள்ளறையிலிருந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ‘டக்’. மறுபடியும் சர்ர்ர், டக். பக்கத்து வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது என்னவென்று தெரியும். இரும்பு அளவு நாடா நீண்டு, தன் கூட்டுக்குள் திரும்பும் சத்தம்.

“இன்னும் எத்தனை தரம்தான் அளப்பேள்? என் முழங்கால் என்ன, ராத்திரியில வளர்ந்துடுமா?” என்றது வேதா மாமியின் குரல்.

“நேத்திக்கு நீ செருப்புப் போட்டுண்டிருந்தே. இன்னிக்கு வெறுங்கால். கொஞ்சம் ஆடாம நில்லு.”

ஸ்ரீநிவாசராகவன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். முடிச்சூர்ப் பக்கத்துக் காலனியில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அளவு நாடா. காய்கறிக் கடையில் முருங்கைக்காயை அளப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் வாழை இலையை அளந்தார் என்று மாமி சொல்வாள். அவர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. “அளந்துட்டா பாதி பயம் போயிடும்” என்பார். அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்.

அவர் மனைவி வேதா மாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று தடவை கிழக்குத் தாம்பரம் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் ஆற்று வெள்ளம் காலனிக்குள் புகுந்தபோது ஒரு தடவை தவறிப்போனது. அடுத்ததும் தவறப் பார்த்தது. மாமியின் முகம் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். ஆம்புலன்ஸ் பெரிய சாலையோடு நின்றுவிட்டது. இவரோ தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, போவோர் வருவோர் எல்லாரையும் பார்த்துக் கை கூப்பிக்கொண்டிருந்தார். யாரிடம் என்ன கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வெறுமனே கும்பிட்டுக்கொண்டிருந்தார். என் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த தட்டுமாக ஒரு சின்ன பிக்கப் வண்டி வந்தது. வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் பின்தட்டில் மீன்பிடிப் படகு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஓட்டி வந்தவர் டெனிஸ், கோவளத்து மீன் வியாபாரி. கடற்கரை மணலிலிருந்து மீன் பெட்டிகளை ரோட்டுக்கு ஏற்றும் வண்டி அது. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். “அம்மாவ உள்ள குந்த வைங்க. மீன் நாத்தம் அடிக்கும், கண்டுக்காதீங்க” என்றார். அன்று மாமி பிழைத்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு காலனியில் சிலர் தரையை உயர்த்தினார்கள். சிலர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். ராகவன் சார் மட்டும் அந்த வண்டியையே நினைத்துக்கொண்டிருந்தார். இந்த வருடம், டெனிஸ் பெரிய ஃப்ரீஸர் வேன் வாங்கிவிட்டார், பழைய வண்டி சும்மா நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் கோவளத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

அங்கேயும் நாடாதான் முதலில் வெளியே வந்தது. டயரை அளந்தார். வண்டியின் வயிற்றுக்கும் மணலுக்கும் நடுவே குனிந்து அளந்தார். இன்ஜினுக்குக் காற்று போகும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார். மீன் கூடையோடு நின்ற டெனிஸின் மனைவி ரோஸி, “இன்னா சார், வண்டிக்குப் பேன்ட் தெக்கப் போறியா?” என்று கேட்டாளாம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்துக்கொண்டே அளந்தாராம். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

“சார், இது கார் மாதிரி மெத்து மெத்துன்னு போவாது. குலுக்கிக்கினுதான் போவும்” என்று டெனிஸ் எச்சரித்தார். “ஆனா தண்ணில வுட்டுட்டு ஓடாது.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே வாங்கிவிட்டார்.

பிறகு ஆரம்பித்தது அலங்காரம். பெருங்களத்தூர் மெக்கானிக் அன்புவின் ஷெட்டே கதி என்று கிடந்தார். இன்ஜின் தண்ணீர் குடித்துவிடாமல் இருக்க, பானெட்டின் ஓரத்திலிருந்து கூரைக்கு மேல் வரை ஒரு கறுப்புக் குழாய். சேற்றைக் கவ்வும் டயர்கள். பின் சீட்டுப் பக்கம், குளியலறைச் சுவரில் மாட்டுவார்களே, அந்த எவர்சில்வர் கைப்பிடி. மாமி கால் வைத்து ஏற ஒரு மடக்குப் படி. அன்று உள்ளறையில் முழங்காலை அளந்தது இதற்காகத்தான். டயருக்குக் காற்றடிக்க, வண்டியின் சார்ஜர் ஓட்டையில் செருகுகிற ஒரு குட்டிப் பம்பு. “சார், தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை கீது, இது இன்னாத்துக்கு?” என்றான் அன்பு. “இருக்கட்டும்” என்றார் இவர். டேஷ்போர்டில் டெனிஸ் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தைச் சுரண்டப் போனபோது மட்டும் மாமி தடுத்தாள். “அன்னிக்கு அவளும்தானே கூட வந்தா. இருந்துட்டுப் போகட்டும்.” மாதாவுக்குப் பக்கத்தில் பெருமாளும் வந்து சேர்ந்தார்.

எல்லாம் சரி, மீன் நாற்றம்தான் போகவில்லை. காலனிப் பிள்ளைகள் அவருக்கு ‘மீன்வண்டி ராகவன்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். தன்னைச் சொன்னதில் அவருக்கு வருத்தமில்லை. பூண்டு வாசனைக்கே முகம் சுளிக்கிற வீட்டில் பிறந்தவள் மாமி. அவள் வாரத்தில் மூன்று நாள் இதில் போக வேண்டுமே என்பதுதான் அவருடைய ஏக்கம். வாத்தியாரை வரவழைத்து வண்டிக்குத் தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனம் செய்தார். வாத்தியார் மாவிலையால் நாலு சொட்டுத் தெளித்துவிட்டுத் தட்சிணையோடு போய்விட்டார். இவருக்கு நாலு சொட்டுப் போதவில்லை. குடம் நிறையத் தண்ணீரில் மஞ்சளும் பச்சைக் கற்பூரமும் துளசியும் போட்டு, வண்டிக்குள்ளே ஊற்றித் தேய்த்தார். அடுத்த குடம், அதற்கடுத்த குடம். கழுவிய வண்டி கோயில் யானைபோல அசைந்து அசைந்து போக, மாமியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வந்தார். சாலை காய்ந்திருந்தது. நான்கு சக்கர இழுப்புக்கு அப்போது வேலையே இல்லை.

வேலை ஐப்பசியில் வந்தது.

விடாமல் பெய்து, ஒரு காலையில் தெரு வாய்க்காலாகிவிட்டது. பெரிய சாலையில் தொடையளவுத் தண்ணீர் என்றார்கள். அன்று மதியம் மாமிக்கு டயாலிசிஸ். ராகவன் சார் பதறவே இல்லை. இந்த நாளுக்காகத்தானே இத்தனையும். மடிப்புக் கலையாத வேஷ்டியோடு வண்டியில் ஏறி, டேஷ்போர்டில் இருந்த திருகு ஸ்விட்சை நான்கு சக்கரத்துக்குத் திருப்பினார். பச்சை விளக்கு நிலையாக எரிய வேண்டும். அது கண் சிமிட்டியது. அணைத்துத் திரும்பப் போட்டார். சிமிட்டியது. வண்டியைக் கிளப்பினார். வாசலிலேயே பின்சக்கரங்கள் சேற்றில் சுழல, முன்சக்கரங்கள் பொம்மைபோல நின்றன.

அன்புவின் ஷெட்டுக்குள்ளேயே தண்ணீர். அவனால் வர முடியாது. ராகவன் சார் டெனிஸைக் கூப்பிட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“நாலு சக்கரமும் இழுக்கும்னு சொல்லித்தானே குடுத்தே? இப்ப ரெண்டுதான் இழுக்கறது. உப்புக் காத்துல துருப்பிடிச்ச வண்டியை என் தலையில கட்டிட்டே. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா…”

“வூட்லயே இரு சார். வர்றேன்” என்றார் டெனிஸ்.

கேளம்பாக்கம், வண்டலூர் என்று சுற்றி, பைக்கைத் தெருமுனை மேட்டு டீக்கடையில் நிறுத்திவிட்டு, தண்ணீரில் நடந்தே வந்தார். மாமி வாசல் நாற்காலியில் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இலேசான வீக்கம் எனக்கே தெரிந்தது. டெனிஸ் அவளைப் பார்த்து, “இன்னாம்மா, ரெடியா?” என்று கேட்டுவிட்டு, சேற்றில் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தார். போனில் கேட்ட பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்தபோது முதுகெல்லாம் சேறு.

“கீழ ஒண்ணும் கொறை இல்ல சார். உள்ளாரதான் எங்கியோ கரண்ட்டு போவ மாட்டேங்குது. தேடு.”

டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும், நான்கு சக்கரத்துக்கு உத்தரவு கொடுப்பது அதுதான் என்று சொன்னார். ராகவன் சார் குனிந்து, கார்பெட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். துழாவிய கை நின்றது. மெல்ல வெளியே எடுத்தார். விரல் நுனியில் மஞ்சள் தண்ணீர். உள்ளங்கையில் நனைந்த துளசி இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

டெனிஸ் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், வண்டிக்கு ஜலதோஷமா? கஷாயம் ஊத்தி வச்சிக்கீறே?”

ராகவன் சார் சிரிக்கவில்லை. அந்த இலையைப் பார்த்தபடியே, “மீன் வாசனை… அவளுக்கு ஒத்துக்காதேன்னு… நான்தான் குடம் குடமா…” என்றார்.

“எனக்கா?” என்றாள் மாமி நாற்காலியிலிருந்து. “எனக்கு எங்கே வாசனை தெரியறது? டயாலிசிஸ் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே போயிடுத்து. மீனும் தெரியாது, மல்லிப்பூவும் தெரியாது.”

தினமும் காலையில் அவர் காபி கலந்து அவள் மூக்கருகே நீட்டுவதும், அவள் கண்ணை மூடி, “ஆகா, என்ன மணம்” என்பதும் எனக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் எத்தனை நாள் கேட்டிருக்கிறேன். எப்படிப்பட்ட பொய். அதைவிட அன்பாக ஒரு உண்மையை நான் கேட்டதில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லலை?” அவர் குரல் உடைந்துவிட்டது.

“சொன்னா அதையும் டேப் வெச்சு அளப்பேள். எனக்கு ஆயாசமா இருக்கும்.”

டெனிஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இருமினார். பிறகு, “சரி சரி, அழுவுறத அங்க போய் அழுவலாம். இப்ப இத்தக் காய வைக்கணும். வூட்ல கரண்ட்டு வேற இல்ல” என்றார்.

ராகவன் சாருக்குத்தான் அந்தக் குட்டிப் பம்பு ஞாபகம் வந்தது. எல்லாரும் கேலி செய்த பம்பு. பெட்டியின் வயர் முனையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார் டெனிஸ். இவர் பம்பின் வாயை அதற்கு நேரே வைத்து, குழந்தைக்குச் சூடான பாலை ஊதுகிற கவனத்தோடு காற்றடித்தார். மஞ்சள் துளிகள் சிதறின. தன் அங்கவஸ்திரத்தாலேயே ஒற்றி எடுத்தார். திரும்பவும் காற்று. வெகு நேரம். பிறகு முனையைச் செருகி, சாவியைத் திருப்பி, அந்தத் திருகு ஸ்விட்சைப் போட்டார்.

விளக்கு சிமிட்டியது. இன்னொரு தரம் சிமிட்டியது. பிறகு பச்சையாக, அப்படியே நின்றது.

அந்தப் பச்சையைப் பார்த்து நாங்கள் நாலு பேரும் விட்ட மூச்சு ஒன்றாகத்தான் வெளியே வந்தது.

மாமி மடக்குப் படியில் கால் வைத்தாள். கச்சிதமாக இருந்தது. அவளைப் பிடித்துக்கொள்ள நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டெனிஸ் முன்னால். பெரிய சாலையில் நின்றுபோன கார்களுக்கு நடுவே தண்ணீர் பானெட்டைத் தொட்டு இரண்டு பக்கமும் விரிந்தது. “கியர மாத்தாத சார். காலை எடுக்காத. ஒரே இழுப்பா இழு. அய்ய, பிரேக் மேல இன்னா வேலை உன் காலுக்கு” என்று டெனிஸ் சொல்லிக்கொண்டே வந்தார். ராகவன் சாரின் பின்கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. மாமி எவர்சில்வர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். “மெதுவாவே போங்கோ. அவசரமே இல்லை” என்றாள். ரயில் பாலம் தாண்டி மேட்டில் ஏறியபோது சக்கரங்களுக்கடியில் கெட்டித் தரை தட்டுப்பட்டது. ராகவன் சார் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் அதே தண்ணீரில், அதே போல் திரும்பினோம். முக வீக்கம் வடிந்து, மாமி களைப்பும் தெளிவுமாக இருந்தாள். டெனிஸ் கூடத்தில் காபி குடிக்கும்போது, மாமி கணவரின் முழங்கையை இடித்து, “ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ” என்று கிசுகிசுத்தாள். ராகவன் சார் தொண்டையைச் செருமினார். “காபிக்குச் சர்க்கரை போதுமா?” என்று கேட்டார். “போதும் சார்” என்றார் டெனிஸ்.

டம்ளரை வைத்துவிட்டு டெனிஸ் ரெயின்கோட்டை மாட்டினார். கழுத்துவரை பட்டனைப் போட்டார். ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டார். “வர்றேம்மா. வர்றேன் சார்.” மழை மறுபடி வலுத்திருந்த தெருவில் இறங்கி, டீக்கடைப் பக்கம் நடந்தார்.

ராகவன் சார் சட்டென்று மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். டெனிஸ் நெடுநெடுவென்று உயரம். இவர் கையைத் தலைக்கு மேலே தூக்கி, ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் போட்ட மனிதருக்கு முழுக் குடையையும் பிடித்தபடி, தான் மழையில் நனைந்துகொண்டே கூட நடந்தார். “வேணாம் சார்” என்று டெனிஸ் ஒரு தடவை சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. தன் நீள நடையை மட்டும் இவருக்கு எட்டும்படி குறைத்துக்கொண்டார்.

பைக் கிளம்புகிற சத்தம் தெருமுனையில் கேட்டு ஓய்ந்தது. ராகவன் சார் திரும்பி வந்து, படியில் நின்று வேஷ்டி நுனியைப் பிழிந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.