பெயரில்லாத கைகளும் ஜெபா அங்கிளும்

மனோ ஆன்ட்டியின் குரலுக்குப் பின்னால் பாட்டு எதுவும் கேட்கவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். அவர்கள் வீட்டிலிருந்து எப்போது போன் வந்தாலும் பின்னால் கராஜில் ஒரு ஸ்டீல் கிட்டார் அழுதுகொண்டிருக்கும். அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் மளிகைக் கடைக்கு வந்த போனில் ஃப்ரிஜ் இரைவதுகூடக் கேட்டது.

"பிள்ளை, அம்மாட்டைக் குடு."

கொடுத்தேன். அம்மா ரிசீவரைப் பிடித்தபடியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வேலைக்குப் புறப்பட்ட ஜெபா அங்கிள், கார்க் கதவைத் திறந்த கையோடு விழுந்து இறந்துபோயிருந்தார்.

இங்கே டெக்ஸஸின் பிளானோவில் உங்களில் பலருக்கு அவரை மருந்துக்கடை அங்கிளாகத் தெரியும். குழந்தைக்கு இருமல் என்றால் டாக்டருக்கு முன் அவரைத்தான் கூப்பிட்டிருப்பீர்கள். அவருடைய கராஜைத் தெரிந்தவர்கள் குறைவு. அங்கே அமெரிக்க நாட்டுப்புறத்துக் கன்ட்ரி பாடல்களின் பழைய இசைத்தட்டுகள் கூரைவரை இருந்தன. உறையில் பாடியவரின் பெயர் இருக்கும், படம் இருக்கும். பாட்டுக்கு நடுவே ஸ்டீல் கிட்டார் வாசித்தவரின் பெயர் இருக்காது. கூலிக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். அது யாருடைய கை என்று, பெயர் தெரிந்த தட்டுகளோடு ஒப்பிட்டுக் காதால் கண்டுபிடிப்பதுதான் அங்கிளின் ஞாயிற்றுக்கிழமை வேலை.

"என்ரை மனுசன் செத்த வெள்ளைக்காரரோடைதான் குடும்பம் நடத்துறார்" என்பார் மனோ ஆன்ட்டி.

"அவை என்னோடை சண்டை பிடிக்கிறேல்லை" என்பார் அங்கிள்.

பதினொன்றாம் வகுப்போடு என் பள்ளி நின்றது. வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது கடைக்கு ஆள் வேண்டியிருந்தது. பிறகு நான் திரும்பிப் போகவில்லை. கடையில் ரேடியோவை மெல்ல வைத்திருப்பேன். ஒருநாள் முருங்கைக்காய் வாங்க வந்த அங்கிள் நின்று கேட்டார்.

"உந்த ஸ்டீல் வாசிக்கிறது ஆர் பிள்ளை?"

"முன்னாடி பாட்டுல வாசிச்சவர்தான்."

"ரேடியோக்காரன் அப்பிடிச் சொன்னவனோ?"

"இல்ல. அதே கை."

அடுத்த வாரம் ஆன்ட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் கேட்டார், இந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்ப முடியுமா என்று. "போயிட்டு வா சாமி. அங்கயாச்சும் வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசு" என்றார் அம்மா.

அங்கே பேச வேண்டியிருக்கவில்லை. அங்கிளின் முறை அப்படி. அவர் கராஜில் கேட்பார். அதே பாட்டைக் கேசட்டில் பதிந்து எனக்குத் தருவார், நான் சமையலறையில் ஹெட்போனில் கேட்பேன். ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி வாஷிங் மெஷின்மேல் கவிழ்த்து வைப்போம். ஆன்ட்டிதான் திருப்பிப் பார்ப்பார். இரண்டிலும் ஒரே பெயர் என்றால் உறையில் பென்சிலால் எழுதுவார் அங்கிள். இல்லையென்றால் உறை வெறுமையாகவே அலமாரிக்குப் போகும். வெறும் உறைகள்தான் அதிகம்.

ஏன் இத்தனை கண்டிப்பு என்று நான் கேட்டதில்லை. அவரே ஒருநாள் சொன்னார். இளவயதில் கொழும்பில் பல பாட்டுகளுக்கு அவர் கிட்டார் வாசித்திருக்கிறார். எதிலும் பெயர் இல்லை. அந்தக் கிட்டார் வீட்டோடு எரிந்தது. "என்ரை பேர் இல்லை எண்டு எனக்குக் கவலையில்லை. ஆனா ஒரு பாட்டிலை வேறை ஒருத்தன்ரை பேரைப் போட்டிருக்கிறாங்கள். பேர் இல்லாட்டி ஆரும் தேடலாம். பிழையான பேர் இருந்தா ஒருத்தரும் தேட மாட்டினம்."

இந்த இளவேனிலில் கிழக்கு டெக்ஸஸிலிருந்து மிஸ் எர்லீன் என்று எல்லாரும் அழைக்கும் ஒரு மூதாட்டி அங்கிளைத் தேடிப் பிடித்தார். இறந்துபோன அவருடைய கணவர் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். குறிப்பிட்ட ஒரு பாட்டில் வாசித்தது தான்தான் என்று கடைசிவரை சொல்லியிருக்கிறார். ஊரில் யாரும் நம்பவில்லை. அந்தப் பாட்டின் பெயரைக் கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டும், அதற்குமுன் விவரம் தெரிந்த ஒருவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். கணவர் வீட்டில் வாசித்துப் பதிந்த ஒரு கேசட்டை அனுப்பியிருந்தார்.

அந்தக் கேசட்டில், ஸ்டீல் கிட்டாருக்குக் கீழே காலால் அமுக்கும் மிதிகளில் ஒன்று அமுங்கும்போதெல்லாம் கிறீச்சென்றது. இசைத்தட்டிலும் அதே இடங்களில், அதே கிறீச். கராஜிலிருந்து அங்கிள் கைதட்டியது சமையலறைக்குக் கேட்டது. ஆன்ட்டி காகிதங்களைத் திருப்பினார். அங்கிளுடையதில் மிஸ் எர்லீனின் கணவர் பெயர். என்னுடையதில், "கிட்டார் அவருடையது. கை இல்லை."

அங்கிளுக்கு முகம் கறுத்துவிட்டது. "கிறீச் உனக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டுச்சு. வீட்டு டேப்புல அவர் ஸ்வரத்துக்குக் கீழேர்ந்து வழுக்கி ஏறுவார், கை மெதுவாத்தான் நடுங்கும். ரெக்கார்டுல இருக்கறவர் நேரா ஸ்வரத்துல வந்து உக்காந்துடறார்."

அவர் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆன்ட்டி எனக்கு டீ போட்டார், ஆறிப்போனது. உள்ளே பாட்டின் அதே இடம் திரும்பத் திரும்ப ஒலித்தது. அங்கிள் வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இரவல் குடுத்திட்டான் பிள்ளை. வேறை ஆரோ அவன்ரை கிட்டாரிலை வாசிச்சிருக்கிறான்." பிறகு சொன்னார், "நான் அந்த மனுசிக்காகக் கேட்டனான். காதாலை கேக்கேல்லை." அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் மிஸ் எர்லீனிடம் தானே போனில் சொல்வதாகச் சொன்னார். அவர் இறந்தது அதற்கு முந்தின நாள்.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆன்சரிங் மெஷினில் விளக்கு மினுங்கியது. ஆன்ட்டி பொத்தானை அமுக்கினார். மிஸ் எர்லீனின் குரல். கல் வெட்டுகிறவர் நாளைக்கு வருகிறார், மிஸ்டர் ஜெபா, தயவுசெய்து கூப்பிடுங்கள்.

ஆன்ட்டி என்னைத் தனியே அழைத்தார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. "ஓம் எண்டு சொல்லிவிடு பிள்ளை. கிழவி நிம்மதியாய்ச் சாகட்டும். ஆருக்கு நட்டம்?"

அங்கிள் இருந்திருந்தால் அவராலேயே ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா, தெரியாது. அந்தப் பாட்டில் நேராக வந்து உட்காருகிற கையைப் பற்றி நினைத்தேன். கல்லில் வெட்டிவிட்டால் அந்தக் கையை இனி யாரும் தேட மாட்டார்கள்.

இசைத்தட்டுகளில் வேண்டியதை எடுத்துக்கொள் என்று ஆன்ட்டி பிறகு சொன்னார். நான் எதையும் எடுக்கவில்லை. அவர் செய்யாமல் விட்டுப்போன அந்த ஒரு போன்தான் என் பங்குக்கு வந்தது.

அடக்கத்தன்றே கார்ட்லெஸ் போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் எடுத்தார்கள்.

"மிஸ் எர்லீன்," என்றேன். குரல் வந்தது. "கிட்டார் அவருடையதுதான்," என்று தொடங்கினேன்.