திருப்பிச் சொல்லுங்க, சிஸ்டர்

பொது வார்டில் வேலை பார்த்த எட்டு வருஷத்தில் நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் பூனை சிஸ்டர். வந்து காய்ச்சல் பார்ப்பாள், டிரிப்ஸ் குழாயைச் சரிசெய்வாள், விலகிய போர்வையை இழுத்துவிடுவாள். தூங்குகிறவர் தூங்கிக்கொண்டேதான் இருப்பார். விழித்ததும், "மத்தியானம் பூரா ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே" என்று புகார் சொன்னவர்கள் உண்டு. அந்தப் புகாரை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் தானாகவே போய் எழுதிக் கொடுத்தாள். வார்டு முழுக்க ஓடி ஓடி, கடைசியில் ஒருவரையும் உருப்படியாகப் பார்க்கவில்லையோ என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு படுக்கை, ஒரே ஒரு நோயாளி, அவர் முழுசாகத் தன் பொறுப்பு. அந்த ஆசைதான். ஆனால் பயிற்சி முடிந்து செய்முறைப் பரீட்சையில் தேறினால்தான் அங்கே தனியாக ஒரு படுக்கையை நம்பி ஒப்படைப்பார்கள். அதற்கு இரண்டு வாய்ப்பு. இரண்டும் போனால் பழைய வார்டுக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பயிற்சி அவளுக்குப் பிடித்திருந்தது. மருந்து எதையும் தொடும் முன்பு பையிலிருந்து நோயாளியின் கை வரைக்கும் குழாயை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஐந்தாறு குழாய்கள் பின்னிக் கிடக்கிற இடத்தில் தன் விரல் ஒரே ஒரு குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ச் சேருவதில் அவளுக்கு ஒரு திருப்தி. செயற்கைச் சுவாச இயந்திரம் கத்தினால் முதலில் இயந்திரத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கவும் பழகிவிட்டாள். எழுத்துப் பரீட்சையில் அவள்தான் முதல்.

செய்முறைப் பரீட்சை ரப்பர் பொம்மையை வைத்து நடக்கும். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பொம்மை மாமா. மாமாவுக்கு நெஞ்சு ஏறி இறங்கும், நாடி துடிக்கும், பொத்தானை அழுத்தினால் இதயம் நின்றுபோகும். "மாமா இன்னைக்கு எத்தனை தடவ செத்தாரு?" என்பதுதான் சாப்பாட்டு அறையில் பெரிய விசாரிப்பு.

மாமாவைச் சாகடிக்கிற பொத்தான் குட்டியின் கையில் இருந்தது. குட்டி கல்லூரியில் இவளுக்கு இரண்டு வருஷம் இளையவள், விடுதியில் இவளிடம் தலை பின்னிக்கொண்டவள். நேராகத் தீவிர சிகிச்சைக்குப் போனதால் இன்றைக்குப் பயிற்சியாளர். பரீட்சை அறைக்குள் இவளைச் சிஸ்டர் என்பாள், வெளியே வந்தால் அக்கா.

முதல் பரீட்சையன்று மாமாவின் இதயம் நின்றது. ஒருவர் நெஞ்சை அழுத்த, டாக்டர் மருந்தைச் சொன்னார். அவள் தலையாட்டினாள், எடுத்தாள், கொடுத்தாள். மறுபடி சொன்னார், மறுபடியும் தலையாட்டிவிட்டுக் கொடுத்தாள். கை எங்கேயும் தடுமாறவில்லை. முடிந்ததும் குட்டி அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனாள்.

"அக்கா, இன்னொரு தடவ வரணும்."

"ஏன் குட்டி? மருந்து தப்பா?"

"மருந்து சரி, அளவு சரி. ஆனா நீங்க என்ன குடுத்தீங்கன்னு அந்த ரூம்ல உங்களத் தவிர யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்குத் தெரியுமே. அவர்தானே சொன்னாரு!"

"அவர் மானிட்டரப் பாத்துட்டு இருந்தாரு. அந்த அமளியில உங்க தலை ஆடுறத யாரு பாக்குறது? சொன்னதத் திருப்பிச் சொல்லணும், குடுத்ததும் குடுத்தாச்சுன்னு சொல்லணும். படிச்சதுதானே?"

படித்ததுதான். எழுத்துப் பரீட்சையில் அதற்கும் முழு மதிப்பெண். வாய்தான் திறக்கவில்லை.

அவள் அப்பா லாரி ஓட்டியவர். ஊர் சுற்றிக் களைத்து வீட்டுக்கு வந்தால் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். அதைப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னால் பழிப்புக் காட்டுவதாக அர்த்தம். முதுகில் ஒன்று விழும். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். அங்கேயும் தலையாட்டல்தான் கைகொடுத்தது. வாயைத் திறந்தால் உச்சரிப்பு பிசகும், நாலு பேர் சிரிப்பார்கள். தலையாட்டினால் ஒரு வம்பும் இல்லை. பட்டம் வாங்கியது படித்ததாலா, ஒழுங்காகத் தலையாட்டியதாலா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சந்தேகம் கூடவே வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன் துள்ளிக் குதித்தான்.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல நான் சொல்றத நீ கேட்டியா இல்லையான்னே எனக்குத் தெரிஞ்சதில்ல. இனிமே தெரிஞ்சிரும் பாரு. எங்க, ஒரு டீ போடு!"

"ஒரு டீ போடணும்."

"சக்கர கம்மியா."

"சக்கர கம்மியா."

"அப்படியே முதுகு சொறிஞ்சு விடு."

"அதெல்லாம் பரீட்சையில வராது" என்று எழுந்து போனாள்.

அந்த வாரம் அவள் அம்மா வந்திருந்தாள். சமையலறையில் அம்மா, "அடுப்பக் குறைடி" என்றதும் இவள், "அடுப்பக் குறைக்கணும்" என்றாள். குறைத்துவிட்டு, "குறைச்சாச்சு" என்றாள். அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"என்னடி, எனக்கே பழிப்பா?"

"இல்லம்மா, பரீட்சைக்கு."

"பெத்தவள எதிர்த்துப் பேசுறதுக்கெல்லாமா பரீட்ச வைக்கிறாங்க?"

நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் அவளைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுப்பாடம் எழுது" என்றால், "வீட்டுப்பாடம் எழுதணும். எழுதியாச்சு!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

இப்படியாக வீடே எதிரொலித்துக்கொண்டிருக்க, இரண்டாவது பரீட்சை வந்தது. அன்றைக்கு வந்த டாக்டர் கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். கேள்வி கேட்டால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாராம். அந்தப் பார்வைக்கே பலர் வாய் மூடிக்கொள்வார்களாம். நோயாளிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார்.

குட்டி பொத்தானை அழுத்தினாள். மாமா செத்தார். நெஞ்சை அழுத்துகிறவர் எண்ணத் தொடங்கினார், மானிட்டர் அலறியது. டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அட்ரினலின், பத்து மில்லிகிராம்."

அவள் கை அதற்குள் ஒரு குப்பியை உடைத்திருந்தது. ஒரு குப்பியில் இருப்பது ஒரு மில்லிகிராம். நின்ற இதயத்துக்கு ஒரு வேளைக்குக் கொடுப்பதும் அவ்வளவுதான். அதைப் பத்து மில்லி நீரில் கலப்பதால் அவருக்கு வாய் தவறியிருக்கலாம். பேசாமல் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மாமாவுக்கு ஒரு குறையும் வராது. முன்பு என்றால் அதைத்தான் செய்திருப்பாள். அவர் பத்து போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார், அவள் ஒன்றைக் கொடுத்திருப்பாள், இரண்டு பேருக்கும் நடுவில் நோயாளி கிடப்பார். குட்டி சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

"அட்ரினலின், பத்து மில்லிகிராம்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. சொல்லிவிட்டு அசையாமல் நின்றாள்.

"என்ன நிக்கிறீங்க? குடுங்க!"

"டாக்டர், நீங்க சொன்னது பத்து மில்லிகிராம்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வை வந்தது. முதுகில் ஒன்று விழப்போகிறது என்பதுபோல அவளுக்குத் தோள் தானாகக் குறுகியது. ஆனால் வாயை மூடவில்லை.

"பத்து, டாக்டர்" என்றாள் மூன்றாவது முறையாக.

டாக்டர் தான் சொன்னதைத் தானே கேட்டார். "ஒண்ணு... ஒண்ணும்மா. ஒரு மில்லிகிராம்."

"அட்ரினலின், ஒரு மில்லிகிராம்." கொடுத்தாள். "குடுத்தாச்சு."

மாமா பிழைத்தார். குட்டி பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "வேணும்னேதான் தப்பாச் சொல்லிச் சோதிச்சீங்களா, டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமான்னே போட்டுக்கோ" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நான் எந்தப் படுக்கைப் பக்கம் வந்தாலும் இப்படியே கேளும்மா" என்றுவிட்டுப் போனார்.

வராந்தாவில் குட்டி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "தேறிட்டீங்க. ஆனா அக்கா, மூணாவது தடவ சொன்னப்போ என் நெஞ்சும் நின்னு போச்சு."

"ரெண்டு குப்பி மிச்சம் இருக்கு, போட்டுவிடவா?"

மறுநாள் காலை ஆறாம் படுக்கையை அவளிடம் ஒப்படைத்தார்கள். படுத்திருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை; செயற்கைச் சுவாசத்தில், நினைவில்லாமல் இருந்தார். அவள் விரலால் ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்து முடித்தாள். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பணியில் இருந்த இளம் டாக்டரிடம் சொன்னாள். அவர் போனைக் காதில் வைத்தபடியே, "நோர்அட்ரினலின நாலுல இருந்து ஆறாக்குங்க" என்றார்.

"நோர்அட்ரினலின், நாலுல இருந்து ஆறு."

"ம்."

அவள் நகரவில்லை. "ம்முன்னா என்ன டாக்டர்? ஆமாவா, இல்லையா?"

அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார். "ஆமா சிஸ்டர். ஆறு."

அழுத்தத்தை ஏற்றும் அந்த மருந்தின் பம்பில் எண்ணை மாற்றிவிட்டு, "ஆறு வச்சாச்சு" என்றாள். திரையில் எண்கள் மெல்ல ஏறத் தொடங்கின. ஆசிரியையின் பக்கம் குனிந்து, "டீச்சர், இன்னைக்கு பூரா நான்தான் உங்களோட இருக்கப் போறேன்" என்று அவர் காதுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.