டகோட்டாவின் சக்கரத்தடியில் ஒரு தேசிக்காய்

மெல்பேர்னில் புதுக் கார் வாங்கினால் அதைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கொண்டுபோய், நான்கு சக்கரங்களுக்கும் தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் நாங்கள் வீட்டுக்கு ஓட்டிவருவோம். ஆகவே உலகப்போர்க் காலத்துப் பழைய டகோட்டா விமானத்தில் பறக்கப் புறப்பட்ட அன்று, என் கைப்பைக்குள் ஒரு தேசிக்காய் இருந்ததில் வியப்பில்லை.

கணவரின் பிறந்தநாளுக்காக மூன்று டிக்கெட் வாங்கியது நான்தான். வாங்கிய அடுத்த நிமிடமே பயந்ததும் நான்தான். போர்க்காலத்தில் ஊரில் சிறுமியாக இருந்தபோது, புரொப்பெல்லர் உறுமினால் பள்ளிக் கொப்பியைப் போட்டுவிட்டுப் பங்கர் குழிக்குள் ஓடுவோம். சாமான் ஏற்றுகிற விமானத்திலிருந்தும் குண்டுகளை உருட்டித் தள்ளிய காலம் அது. விமானம் என்றால் அதன் அடிவயிறு மட்டுமே எனக்குத் தெரியும். இப்போது ஐந்து வயது மகளோடு அந்த வயிற்றுக்குள்ளேயே போய் உட்கார வேண்டும். அவளை ஏற்றுவது சரியா? ஏற்றாமல் விட்டால் என் பயத்தை அவளுக்கும் பழக்கிவிடுவேனா? கிழமை முழுவதும் இதே யோசனை.

"பயமெண்டா நீர் கீழ நில்லும். நானும் பிள்ளையும் போட்டு வாறம்," என்றார் கணவர்.

"நீங்கள் ரெண்டுபேரும் மேல போக, நான் கீழ நிண்டு அண்ணாந்து பாக்கிறதோ? அது எனக்குப் பழகின வேலைதான்."



மெல்பேர்னின் விளிம்பில் இருந்த அந்தச் சிறிய விமானத்தளத்தில், டகோட்டா வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி நின்றது. போருக்காகக் கட்டிய விமானம் இவ்வளவு அழகாக இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. தடித்த இறக்கைகள், வரிசை வரிசையாக ஆணிகள், ஜீப்பையே உள்ளே ஏற்றக்கூடிய அகன்ற கதவு. எங்களைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லோரும் காமெராவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் நான் குனிந்து, இடது சக்கரத்துக்கு முன்னால் தேசிக்காயை வைத்தேன்.

விமானத்தைச் சுற்றி வந்து பரிசோதித்த பொறியியலாளர், நீல மேலங்கி போட்ட ஒரு பெண், அதைக் கண்டு கையில் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"வச்ச ஆளே விளக்கம் சொல்லட்டும்," என்று கணவர் மெல்ல ஒதுங்கினார்.

வண்டிக்குக் கெடுதல் வராமலிருக்க நாங்கள் செய்யும் வழக்கம் என்று ஆங்கிலத்தில் தடுமாறிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. புரொப்பெல்லர் விசிறிக்கு அருகே ஒரு சிறு கல்கூடக் கிடக்கக் கூடாது, காற்று அதைத் தூக்கி எறியும் என்று சொல்லித் தேசிக்காயைத் திருப்பித் தந்தார். "எங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு, பாருங்கள்," என்றார்.

அவரும் இன்னொருவரும் விசிறியின் அலகுகளை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிச் சுழற்றினார்கள். நின்றிருக்கும் எஞ்சினின் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கியிருந்தால், இப்படித் தள்ளும்போதே கைக்குத் தெரிந்துவிடுமாம். தெரியாமல் முடுக்கினால் எஞ்சின் உடையும். மகளைக் குளிப்பாட்டுமுன் தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்ப்பேனே, அந்தக் கவனம்தான் அவர்கள் கைகளிலும் இருந்தது. சக்கரங்களை மடித்த பிறகும் அவற்றில் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் அவை இறங்க மறுத்தாலும் விமானம் ஓரளவு உருண்டே தரைதொடும் என்றும் அந்தப் பெண் சொன்னார். இந்த விமானத்தை வடிவமைத்தவரும் என்னைப் போலப் பயந்தவராகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

உள்ளே தளம் சரிவாக இருந்தது. மேடு ஏறுவதுபோல் ஏறித்தான் இருக்கைக்குப் போனோம். மகள் என் கையிலிருந்த தேசிக்காயைப் பறித்துக் கீழே வைத்தாள். அது வால்பக்கம் ஓடியது.

"அம்மா, லுக்! இட்ஸ் ரன்னிங் அவே!"

"அதுக்கும் பயம் போல," என்றார் கணவர். பின்னால் இருந்த பயணி ஒருவர் அதைப் பிடித்துத் தந்தார்.

சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களில் இதே போன்ற விமானங்கள். ஒன்றில் நியூ கினி மலைகளுக்கு மேலே, திறந்த கதவால் சாப்பாட்டு மூட்டைகளைத் தள்ளினார்கள். இன்னொன்றில் காயப்பட்டவர்கள் அடுக்கடுக்காகப் படுத்திருந்தார்கள். அதே வகைக் கதவு, அதே வகை வயிறு. என்னத்தை ஏற்றுவது என்று மனிதர்கள்தான் முடிவெடுத்திருக்கிறார்கள்.

எஞ்சின்கள் இருமி, புகை கக்கி, உறுமத் தொடங்கின. என் முதுகு தானாகக் குனிந்தது. மகள் என் முகத்தையே பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓட ஓட வால் எழுந்தது, சரிந்திருந்த தளம் மட்டமானது, பிறகு தரை விலகிப்போனது. கீழே விரிகுடா வெயிலில் மின்னியது. அந்தப் பெரிய சத்தம் தகரத்தின் வழியாக, இருக்கையின் வழியாக, எலும்புக்குள் வந்தது.

சற்று நேரத்தில் என் கையில் பாரம் கூடியது. கணவர் சைகையால் கேட்டார்: படுத்திட்டாளோ?

ஓம் என்று தலையாட்டினேன். தேசிக்காயைப் பிடித்தபடியே என் கையில் சாய்ந்து தூங்கியிருந்தாள். இந்தச் சத்தத்தில் ஒரு பிள்ளைக்குத் தூக்கம் வருமென்று எனக்கு இதுவரை தெரியாது. விமானம் இறங்கி, விசிறிகள் நின்று, மற்றவர்கள் எல்லோரும் போகும்வரை நான் அவளை எழுப்பவில்லை.